தொண்ணூத்தொம்பதுல நிக்குது

இல்ல தம்பி, அதைத் தொடாதே. கையை எடு முதல்ல. சுத்தட்டும். எவ்வளவு நேரம்தான் சுத்துதுன்னு பார்த்துடலாம். புதுசா செஞ்சு கொண்டாந்திருக்கேன், நல்லா இருக்கான்னு சொல்லுங்க மேடம்னு நீதானே கேட்ட? ஒரு ரிப்போர்ட் நம்பர் போடுங்கன்ன, போட்டேன். தேடுங்கிறதை அமுக்குங்கன்ன, அமுக்கினேன். இப்ப அது பாட்டுக்குச் சுத்துது. முடியட்டும், சொல்றேன். அதுவரைக்கும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. ஒரு கால் ஆடும், பார்த்து உக்காரு.

அழகா இருக்கா? அழகாத்தான் இருக்கு, யாரு இல்லைன்னா? நீல வட்டம், சுத்தும்போது வால் மாதிரி ஒண்ணு பின்னாடியே வருது. ரொம்ப அழகு. அழகுப் போட்டியா வச்சிருக்கோம் இங்க? இது ஆஸ்பத்திரி தம்பி. ரிப்போர்ட் கவுன்டர். இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிற ஒருத்தரும் வட்டம் பார்க்க வரல. அவங்கவங்க ரத்தத்துல என்ன ஓடுதுன்னு பார்க்க வர்றாங்க. அவங்க வீட்டுல யாரோ ஒருத்தர் வாசல்ல நின்னு ஃபோனையே பார்த்துக்கிட்டிருப்பாங்க.

திட்டுறேனா? ஆமா, திட்டுறேன். பின்ன கொஞ்சணுமா? உங்க கம்பெனியிலேருந்து இத்தனை காலத்துல ஒரு மனுஷன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. எது கேட்டாலும் ஃபோன்ல, புகாரை எழுதி டிக்கெட் போடுங்க மேடம், டிக்கெட் போடுங்க மேடம். போட்டுப் போட்டு எனக்கே அலுத்துப்போச்சு. இன்னைக்கு நீ நேர்ல வந்து மாட்டினே. உன் கெட்ட நேரம், எல்லாத்தையும் சேர்த்து வாங்கிக்கிட்டுப் போ.

முதல்ல இதுல ஒண்ணுமே கிடையாது, தெரியுமா? நீ அப்ப சேர்ந்திருக்க மாட்ட. நம்பரைப் போட்டு அமுக்கினா திரை அப்படியே நிக்கும், கல்லு மாதிரி. அமுங்குச்சா, அமுங்கலையா? யாருக்குத் தெரியும்? மனுஷன் என்ன பண்ணுவான், மறுபடி அமுக்குவான். மறுபடி. ஹால்ல சுவரோரமா ஒரு மெஷின் நிக்குது பாரு, மக்களே வந்து பார்த்துக்கிறதுக்குன்னு வச்சது. அதோட கீபோர்டைப் போய்ப் பாரு. எழுத்தெல்லாம் புதுசா இருக்கும், என்டர் பட்டன் மட்டும் தேஞ்சு வழுவழுன்னு கிடக்கும். ஒருத்தர் செருப்பைக் கழட்டி அதுமேல ஓங்கினாரு, நான்தான் ஓடிப் போய்த் தடுத்தேன். அப்புறம் உங்க ஆளு ஃபோன்ல சொல்றான், ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் சர்வர் புதுசா முதல்லேருந்து தேடும் மேடம், அதான் இன்னும் லேட்டாகுதுன்னு. அட, அதை அந்த மனுஷன்கிட்ட யாருடா சொல்றது? தேடிக்கிட்டிருக்கோம், கொஞ்சம் பொறுங்கன்னு ஒரு வார்த்தை திரையில போட்டா என்ன குடியா முழுகிடும்?

அதுக்கு ஒரு வட்டம் போட்டீங்க. சரி. நல்ல வேலைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். வட்டம் வந்த அன்னைக்கே கூச்சல் பாதி அடங்கிப்போச்சு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. சத்தம் கேட்டா யானை வருதுன்னு ஜனங்க ஒதுங்கி நிப்பாங்க. நின்னாங்க. ஆனா போகப்போகத்தானே தெரியுது, உங்க ஊர்ல மணி மட்டும்தான் ஆடும், யானையே கிடையாதுன்னு.

இரு, இரு. சொல்லிக்கிட்டுத்தானே வர்றேன்.

அந்த வட்டத்தோட விட்டீங்களா? எங்க மேனேஜர் இருக்காரே, அவருக்கு அது சப்புன்னு இருக்காம். ஆஸ்பத்திரிக்கு ஏத்த மாதிரி ஏதாவது போடுங்கன்னாராம். உங்க கம்பெனியில எந்தப் புண்ணியவானோ உக்காந்து யோசிச்சு, நெஞ்சுத் துடிப்புக் கோட்டைப் போட்டான் பாரு. டிக் டிக்குன்னு ஏறி இறங்கிப் போகும். திரை ஓரத்துக்குப் போனதும் நீளமா ஒரு நேர்க்கோடு. அப்புறம் மறுபடி முதல்லேருந்து. ஏன் தம்பி, அதை வரைஞ்சவன் வீட்டுல ஒருத்தரும் ஆஸ்பத்திரியில படுத்ததே இல்லையா? நேர்க்கோடுன்னா என்னன்னு சின்னக் குழந்தைக்குத் தெரியுமே. ஒரு பெரியவர், அப்பதான் நெஞ்சுக்குப் பார்த்துட்டு வந்தவர், திரையைப் பார்த்துட்டு என்கிட்ட மெல்லக் கேக்குறாரு, இது யாரோடதும்மா, என்னோடதான்னு. நான் என்ன சொல்லுவேன்? இல்லைங்க ஐயா, இது சும்மா, படம்னேன். சும்மாவான்னு கேட்டுட்டு அங்கேயே உக்காந்துட்டாரு. தண்ணி கொண்டாந்து குடுத்தேன். உங்க ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினா, அது டிசைன் மேடம்ங்கிறான். டிசைனாம். வாயில நல்லா வந்துச்சு, கவுன்டர்ல ஆள் நின்னதால முழுங்கிட்டேன்.

சிரிக்காதே. சிரிக்கிற விஷயமா இது?

ஏய், கையை எடுன்னு சொன்னேன்ல! நிறுத்திட்டு வேற நம்பர் போடப் போறியா? வேண்டாம். இதே இருக்கட்டும். டெமோ நம்பரா? அதெல்லாம் உங்க ஆபீஸ்ல கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வரும், எங்களுக்கு எதுக்கு அது? இது எங்க ஆஸ்பத்திரியோட பழைய பிராஞ்ச் நம்பர், தெரியும் எனக்கு. அங்கேருந்து வரணும், லேட்டாகும், அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். கஷ்டமானதைப் போட்டாத்தானே உன் லட்சணம் தெரியும்? யாரோடதா இருந்தா உனக்கென்ன? ஒரு நம்பர். அவ்வளவுதான்.

எங்க விட்டேன்? ஆங், கோடு. அதை எடுத்துட்டு ஒரு பட்டை கொண்டாந்தீங்க. நூத்துக்கு எவ்வளவுன்னு எண்ணிக்கிட்டே போற பட்டை. பத்து, முப்பது, எழுபதுன்னு விறுவிறுன்னு ஓடும். தொண்ணூத்தொம்பதுக்கு வந்ததும் நின்னுடும். அப்புறம் பொறுமையா அங்கேயே நிக்கும். எனக்கு அப்ப தெரியாது தம்பி. சத்தியமா நான் நம்பினேன். நூத்துல தொண்ணூத்தொம்பது ஆயிடுச்சுன்னா என்ன அர்த்தம்? முடிஞ்ச மாதிரின்னுதானே அர்த்தம்?

ஒரு லாரி டிரைவர் வந்தாரு. நல்ல ஓங்குதாங்கான ஆளு, ஆனா கவுன்டர்ல வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி. சம்சாரம் மேல வார்டுல. காய்ச்சல், எறங்கவே மாட்டேங்குது. எந்த மருந்து கேக்கும்னு ரத்தப் பரிசோதனை அனுப்பியிருக்காங்க. ரிப்போர்ட்டைக் காட்டினா மருந்தை மாத்திடறேன், நான் கிளம்புறதுக்குள்ள கொண்டா அப்படின்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு. மத்தியானம் வந்தாரு மனுஷன். நம்பரைப் போட்டாரு. பட்டை ஓடுச்சு. தொண்ணூத்தொம்பதுல நின்னுச்சு. என்னைப் பார்த்தாரு. இதோ வந்துடும் அண்ணே, உக்காருங்கன்னேன். உக்காந்தாரு. அந்த மெஷினுக்கு எதிர்ல, மூணாவது வரிசையில. டீ குடிக்கக்கூட எழுந்திரிக்கல. எழுந்த நேரம் பார்த்து வந்துட்டா? நடுவுல நான் போய், வேணும்னா மாடியில லேப்ல கேட்டுப் பாருங்களேன்னேன். வேண்டாம்மா, ஒண்ணுதான் பாக்கிங்கிறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு.

சாயங்காலம் பெரிய டாக்டர் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அப்பவும் தொண்ணூத்தொம்பது.

அன்னைக்கு உங்க சர்வர் மத்தியானமே படுத்துடுச்சாம். மறுநாள்தான் எனக்குத் தெரியும். அங்க ஒண்ணுமே இல்ல, பிணம் மாதிரி கிடக்கு. இங்க இந்தப் பட்டை மட்டும் தானா ஓடிப் போய்த் தானா நின்னிருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாதாம்! அதை உங்க ஆளு எவ்வளவு சாதாரணமாச் சொல்றான் தெரியுமா? பட்டை தனி மேடம், சர்வர் தனி மேடம். ஜனங்களுக்குப் பதட்டமா இருக்கக் கூடாதுன்னு ஓடவிடுறோம் மேடம். கடைசி ஒண்ணு மட்டும் பதில் வந்தாத்தான் நகரும், வராட்டி அங்கேயே நிக்கும் மேடம். வராட்டி என்ன செய்யணும்னு நாங்க எழுதல மேடம். எழுதல! சோறு வடிக்காம வெறும் பானையில கரண்டியைப் போட்டுத் தட்டிக்கிட்டே இருக்குறது. உள்ள உக்காந்திருக்கிறவனுக்குச் சத்தம் கேக்குதுல்ல, இலையைப் பார்த்துக்கிட்டே இருப்பான். காதுல பூ சுத்துறதுன்னா இதுதான் தம்பி. இதுக்கு மேல என்ன இருக்கு?

ரிப்போர்ட்டா? அதைக் கேளு. ரெண்டாவது மாடியில, அச்சடிச்சு, மடிச்சு, கவர்ல போட்டு, மத்தியானமே ரெடியா இருந்துச்சு. லேப்ல என் நாத்தனார்தான் இருக்கா. என்னடி, அந்த டிரைவரோட ரிப்போர்ட் எப்ப வந்துச்சுன்னு கேட்டா, அது அப்பவே வந்துடுச்சே அண்ணி, யாரும் வந்து கேக்கலையேங்கிறா. ரெண்டே மாடி தம்பி. படியேறிப் போயிருந்தா கைமேல கிடைச்சிருக்கும். திரையில வராது, மாடிக்குப் போய்க் கேளுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தா அந்த ஆளு ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறியிருப்பாரு. அவரை உக்கார வச்சது யாரு? நாற்காலி இல்ல. அந்தப் பட்டைதான்.

ராத்திரி டூட்டியில இருந்த டாக்டர் பொண்ணு, பெரிய டாக்டர் சொல்லாம நான் மருந்தை மாத்த மாட்டேன்னுட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அந்தம்மா ராத்திரி பூரா கொதிச்சிருக்கு, யார் யார் பேரையோ சொல்லிப் பினாத்தியிருக்கு. பொழைச்சிடுச்சு, பயப்படாதே. மறுநாள் மருந்து மாறுச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு. டிரைவர் போகும்போது கவுன்டர்கிட்ட வந்தாரு. கத்தப் போறாருன்னு நினைச்சேன். கத்தியிருக்கலாம். ஒண்ணுதான் பாக்கின்னு நினைச்சுட்டேன்மான்னாரு. அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு வார்த்தையை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? அன்னைலேருந்து எனக்கு உங்க மேல ஆத்திரம். இன்னும் ஆறல.

ஆமா, நாத்தனார் இங்கதான் வேலை. அது ஒரு தனிக் கதை. தங்கமானவ, என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, எனக்கு ஒண்ணுன்னா துடிச்சுப் போயிடுவா. ஆனா வாய்? ஓட்டை வாய். ஒருதடவை தலை சுத்துதுன்னு ரத்தம் குடுத்தேன். ரிசல்ட் என் கைக்கு வரல, அதுக்குள்ள எங்க மாமியார் ஃபோன் பண்ணி, கீரை சாப்பிடு, உனக்கு ரத்தம் கம்மியாமேங்கிறாங்க. உன் சர்வரைவிட அவ வேகம்.

வீட்டுக்காரரா? அவரும் உன் கட்சிதான். எங்க இருக்கீங்கன்னு ஃபோன் பண்ணினா, இதோ வந்துக்கிட்டே இருக்கேம்பாரு. அப்ப குழாயில தண்ணி விழுற சத்தம் கேக்கும். இன்னும் குளிக்கவே இல்ல. வந்துக்கிட்டே இருக்கேன். உலகம் பூரா இப்படித்தான் ஓடுது போல. பார்க்கலாம், சொல்லலாம், இதோ ஆச்சு, அனுப்பிட்டோம். நீங்க அதுக்கு ஒரு படம் போட்டுட்டீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன இது? வட்டத்துக்குக் கீழ எழுத்து மாறுது. இவ்வளவு நேரம் இந்தக் கட்டடத்தில் தேடுகிறோம்னு இருந்துச்சு. இப்ப, இங்கே இல்லை, பழைய பிராஞ்சில் கேட்கிறோம்னு வருது.

நிஜமாவா? சும்மா நேரத்தை வச்சு மாத்துறதில்லையே? அங்க போய்க் கேட்டாத்தான் இந்த எழுத்தே வருமா? சத்தியமா? உங்கம்மா மேல? சரி, சரி, அம்மாவை இழுக்கல. அங்க பதில் வராட்டி? பதில் வரவில்லை, லேப்புக்கு நேரில் போங்கள்னு போடுமா? மாடி நம்பரோட?

இதை நீயா செஞ்ச? டிரைவர் விஷயம் எழுதி நான் போட்ட டிக்கெட்டைப் படிச்சியா? முழுசாவா?

ம். அப்ப உங்க கம்பெனியிலயும் ஒரு மனுஷன் இருக்கான். சரி. திட்டினதுல பாதியைத் திருப்பி எடுத்துக்கறேன். பாதிதான். அந்தக் கோடு போட்டவனுக்கு உள்ளது அப்படியே இருக்கட்டும், கொண்டு போய்க் குடுத்துடு.

அப்ப இது உண்மையாவே அங்க போயிருக்கு. அங்க எடுத்துக்கிட்டிருக்கு. வந்தா வந்ததுதான்.

ஒண்ணுமில்ல. வேர்க்குது, ஃபேன் இந்தப் பக்கம் திரும்பாது. இல்ல, ஒண்ணுமில்லைங்கிறேன்ல. வேடிக்கையைப் பாரேன், இவ்வளவு நேரமா பொய் வட்டம் பொய் வட்டம்னு கத்திக்கிட்டிருக்கேன், இப்ப எனக்கு அந்தப் பழைய வட்டமே தேவலாம்னு தோணுது. அது பாட்டுக்குச் சுத்தும். அதுக்கும் ஒண்ணும் தெரியாது, நமக்கும் ஒண்ணும் தெரியாது.

நின்னுடுச்சா? நான் இந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருக்கேன், நீயே சொல்லு. கிடைத்துவிட்டதுன்னு போட்டிருக்கா? பச்சையிலயா? சரி. நல்லா இருக்கு தம்பி, உன் வேலை நல்லா இருக்கு. மேனேஜர்கிட்ட நான் சொல்லிடறேன், இதையே போடச் சொல்லி. நீ அதைத் திற.

பேர் வருதா? ஆமா. மேஜை மேல இந்தப் பலகையில எழுதியிருக்குல்ல, அதே பேர்தான். இவ்வளவு பெரிய ஊர்ல அதே பேர்ல இன்னொருத்தி இருக்கக் கூடாதான்னு நானும் நினைச்சேன். இல்ல. நான்தான்.

மார்ல ஒரு கட்டி. பழைய பிராஞ்ச்ல போய், ஊசி போட்டு அதுல கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் குடுத்துட்டு வந்தேன். இங்க குடுத்தா நாத்தனார் கைக்குத்தானே போகும்? அப்புறம் எனக்கு முன்னாடி என் வீடு அழுதுடும். அவருக்கு இன்னும் தெரியாது. வீட்டுல எத்தனை தடவை ஃபோனைக் கையில எடுத்தேன் தெரியுமா, நம்பரைப் போடுவேன், அமுக்க மாட்டேன். தெரிஞ்சவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இதைக் கேக்க முடியாது தம்பி. உன்னை எனக்குத் தெரியாது. உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தா நேரம் போயிடும்னு பார்த்தேன். போயிடுச்சு.

மேல உள்ளதெல்லாம் வேண்டாம், அது உனக்குப் புரியாது. கீழ கடைசியில முடிவுன்னு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் படி.

என்னப்பா? என் மூஞ்சியைப் பார்க்காதே, திரையைப் பாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் வந்து நிக்குது, நான் வேலை பார்க்கணும். படி. நீயும் தொண்ணூத்தொம்பதுல நிக்காதே.